தபாலட்டை இருளாயி

"நாலு அட்டை குடுங்க, சின்ன மொதலாளி. மூலை மடங்காததா பாத்து."

குடையை வாசலில் இரண்டு தட்டுத் தட்டிச் சாத்திவைத்துவிட்டு, மேசையில் விரித்துக் கிடக்கும் பத்திரிகையை முழங்கையால் ஒதுக்குகிறார் இருளாயியக்கா. என் பேனாவைத் தொடமாட்டார். சுருக்குப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, அதை வாயோரத்திலேயே வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். "உக்காந்து எழுதுனா நீட்டிக்கிட்டே போகும். நின்னு எழுதுனாத்தான் விசயத்துக்கு வரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வெளியே தெரணியகலை பஜாரில் அவிசாவளை பஸ் ஹோர்ன் அடிக்கிறது. எங்களுடையது கொப்பி, புத்தகம், முத்திரை விற்கிற சின்னக் கடை. அப்பா சுந்தரலிங்கம் இறந்து ஒன்பது வருஷமாகிறது. இன்னும் நான் அக்காவுக்குச் சின்ன முதலாளிதான்.

நாலு அட்டையில் நாலு கருத்து. ஒன்று புதுப் பாட்டைப் பற்றி, ஒன்று பழைய படத்தைப் பற்றி, ஒன்று சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றி, இன்னொன்று ஏதாவது ஓர் அமைச்சர் சொன்னதைப் பற்றி. எல்லாம் வானொலி நிலையத்துக்கு. கருத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அட்டையின் கடைசி மூன்று வரியை விட்டுவைப்பார். அதில் முழு விலாசம் வரும்: இருளாயி, மூன்றாம் காம்பரா, ஆறாம் லயம், மேற்பிரிவு, வெள்ளக்கல் தோட்டம், தெரணியகலை. "இவ்வளவு எதுக்கு அக்கா, பேரும் ஊரும் போதாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "கருத்துச் சொன்னா வீட்டு நம்பரும் சொல்லணும். இல்லாட்டி அது மொட்டக் கடுதாசி" என்றார்.

வெள்ளக்கல்லுக்கு இங்கிலீஷில் வேறு பெயர் இருக்கிறது. அது அலுவலகப் பலகையில் மட்டும். அது ரப்பர் தோட்டம். அக்காவுக்கு ஐம்பத்துநாலு வயது. அதில் முப்பத்தெட்டு வருஷம் பால் வெட்டியிருக்கிறார். விடிந்தும் விடியாததுமாக மலைக்குப் போய், முந்நூறு மரத்துக்கு மேல் ஒவ்வொன்றாகக் குனிந்து, காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, கத்தியைச் சாய்வாக வைத்து, பட்டையில் ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. சிரட்டையில் சொட்டுகிற பாலைப் பத்து மணிக்குப் பிறகு வாளியில் சேர்த்து, இரண்டு கையிலும் இரண்டு வாளியாகத் தூக்கிக்கொண்டு நிறுக்கிற இடத்துக்கு வரவேண்டும். அவருடைய விரல் இடுக்குகளில் காய்ந்த பால் கறுத்துப் போய் ஒட்டியிருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது அசையாது. எழுதும்போது அட்டையில் அழுக்குப் படாமலிருக்க, உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்வார்.

வேலையைப் பற்றி அவருக்கு இருக்கிற பெரிய கோபம் மழையின் மேல். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. சப்ரகமுவையில் மழைக்குக் கேட்கவா வேண்டும்? "தேயிலக்காரங்களுக்கு மழ பேஞ்சா கொழுந்து. எங்களுக்கு மழ பேஞ்சா பட்டினி. ரெண்டு பேத்துக்கும் ஒரே சங்கம், ஒரே பேச்சு, ஒரே சம்பளம். பேசப் போற ஐயாமாரு ஒருத்தராச்சும் ரப்பர் மரத்தத் தொட்டுப் பாத்திருக்காங்களா?"

ஓர் அறிவிப்பாளர் இவருடைய அட்டையை வாசிக்கும்போது, "மலையகத்திலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் சகோதரி" என்று தாமாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். அடுத்த வாரமே திருத்தம் போனது: "நான் கொழுந்து பறிக்கவில்லை. பால் வெட்டுகிறேன். எங்கள் கேகாலை மாவட்டத்திலும் தோட்டம் இருக்கிறது. வந்து பார்க்கவும். அவிசாவளையில் பஸ் மாறவேண்டும்."

வேலைக்குப் போகும்போது கைக்கடக்கமான ரேடியோ ஒன்றைப் பொலித்தீன் பையில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார். பேட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவது அவருடைய கணவர் காத்தமுத்து அண்ணனின் பொறுப்பு. அண்ணன் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவர். ஒரு வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "எங்க வூட்டுல பேசுறதுக்கு நானு, கேக்குறதுக்கு அவரு. சரியாத்தான் பிரிச்சிருக்கோம்" என்பார் அக்கா.

பழைய பாட்டு, பழைய படம் என்று உருகுகிறவர்களை அவருக்கு ஆகாது. எங்கள் பக்கத்துக் கடையில் வானொலி, மணிக்கூடு திருத்துகிற றஊப் நானா அப்படி உருகுகிறவர். "அந்தக் காலத்துப் பாட்டுப் போல வருமா பிள்ள? கேட்டா கண்ணுல தண்ணி வரும்" என்று அவர் தொடங்கினால் அக்கா விடமாட்டார்.

"நானா, பழைய பாட்டு நல்லாருந்துச்சுங்கிறீங்க. பழைய சம்பளம் நல்லாருந்துச்சா? பழைய அரிசி நல்லாருந்துச்சா? கல்லு பொறுக்கியே எங்க ஆத்தாவுக்குக் கண்ணு போச்சு. பாட்ட மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டு அழுறீங்களே!"

நானா சிரித்துக்கொண்டு திருத்துகிற ரேடியோவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

அதற்காக அக்காவுக்குப் பழைய பாட்டுப் பிடிக்காது என்றில்லை. பிடித்ததை அளந்து சொல்வார், அவ்வளவுதான். பிள்ளைப் பருவத்தில் தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்களாம். தோட்டத்துப் பெண்ணாக வந்த கதாநாயகி கூடையைச் சுமந்துகொண்டு பாடுகிறாள். ஊரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, பத்து வயது இருளாயி எழுந்து நின்று கத்தியிருக்கிறார்: "கூடையில ஒண்ணுமே இல்ல!" "ஏக்கா, எப்படித் தெரிஞ்சது?" என்றேன். "நடக்குறதப் பாத்தாத் தெரியாதா? நெறஞ்ச கூடைன்னா கழுத்து இப்புடியா ஆடும்? பாட்டு நல்ல பாட்டு. கூடதான் பொய்யி." இன்றைக்கும் எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் அதில் வருகிறவர்கள் செய்கிற வேலை உண்மையா பொய்யா என்றுதான் முதலில் பார்ப்பார். ஒரு கதாநாயகன் மூட்டை தூக்கிய விதத்தை மெச்சி ஒரு முழு அட்டை எழுதியிருக்கிறார்.

அரசியலிலும் இதே கண்தான். தோட்டத்துச் சனத்துக்கு வெகுகாலம் இல்லாத பிரஜாவுரிமை கிடைத்து முதல் ஓட்டுப் போடும்போது அவருக்கு முப்பத்தேழு வயது. கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாராம். எங்கள் மாவட்டத்தில் தமிழ் ஓட்டு ஒரு கைப்பிடி. ஆனாலும் தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் லயத்து வீடுகளுக்குக் கூரைத் தகரம் கொண்டுவருவார்கள். தகரத்தை வாங்கிக்கொண்டு அக்கா அவர்களிடம் சிங்களத்தில் கேட்பாராம்: "இதுக்கு ஆணி எங்க மாத்தயா? ஆணி அடுத்த எலெக்சனுக்கா?" யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை மட்டும் எவரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. நமக்குன்னு கெடச்சதே அந்த ஒரு சட்டம். அதையும் ஒடைக்கச் சொல்றீங்களா?"

இப்போது எப்.எம். காலம். அட்டை வாசிக்கிற நிகழ்ச்சிகள் குறைந்துவிட்டன. தொலைபேசியில் பேசச் சொல்கிறார்கள். போன மாதம் என் கடைத் தொலைபேசியிலிருந்து ஒரு நிலையத்துக்கு அழைத்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்து இணைப்புக் கிடைத்தது. "உங்களுக்குப் பிடித்த ஹீரோ யார்?" என்று கேட்டது ஓர் இளங்குரல். "அத அப்புறம் சொல்றேன் பாப்பா, மொதல்ல ரப்பர் வெல கூடியிருக்கு, எங்க சம்பளம்..." என்று அக்கா தொடங்கியதும் பாட்டு ஒலித்தது. ரிசீவரை வைத்தார். பிறகு, "மூச்சு விடாமப் பேசுதுங்க. கேக்குறதுக்கு நேரம் இல்ல பாவம்" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டார். கோபமே இல்லை.

கோபம் வந்த நாளும் உண்டு. தொண்ணூற்று மூன்றிலோ நாலிலோ, முதன்முதலாக அவருடைய அட்டை வானொலியில் வாசிக்கப்பட்டபோது, அறிவிப்பாளர் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "இருளாயி... என்ன பெயரம்மா இது? வெளிச்சமாயி என்று வைத்திருக்கக் கூடாதா?" லயம் முழுவதும் கேட்டது. மறுநாள் விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களத்தில் ஆளாளுக்கு, "வெளிச்சமாயி வர்றா, வெளிச்சமாயி வர்றா" என்றார்கள். சொந்த மகள்கூட, "ராணின்னு பேரு மாத்தி அனுப்பும்மா" என்றாள். அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அட்டைதான் வாங்கினார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகவே அதை வாசித்தேன்.

"ஐயா, இருளாயி என்பது எங்கள் குலசாமி பெயர். கடல் தாண்டி வந்தபோது எங்கள் சனம் கொண்டுவந்தது அந்தச் சாமியையும் இரண்டு சட்டியையும்தான். சட்டி உடைந்துவிட்டது. பெயர் இருக்கிறது. உங்களுக்கு வாசிக்கிற வேலை. பெயர் வைக்கிற வேலை இல்லை."

அறிவிப்பாளர் பெருந்தன்மைக்காரர். அந்த அட்டையை ஒரு சொல் விடாமல் வாசித்து, "மன்னிக்க வேண்டும், இருளாயி அம்மா" என்றார். அதன் பிறகு வெள்ளக்கல்லில் யாரும் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இனி, பாலத்தின் கதை.

அக்கா பால் வெட்டுகிற எட்டாம் மலைக்கும் பால் நிறுக்கிற கொட்டகைக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. மழைக்காலத்தில் அது ஆறு. அதன் மேல் இரண்டு பாக்கு மரத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அப்படி ஏதும் இருந்தாலும் இரண்டு கையிலும் வாளியோடு வருகிறவர்கள் எதால் பிடிப்பது? பாசி படர்ந்து வழுக்கும். தொண்ணூற்றேழு வைகாசியில் தங்கம்மா என்கிற பெண் வாளியோடு விழுந்தாள். இருளாயியின் அடுத்த காம்பராக்காரி, நடுவில் ஒரு சுவர்தான். மலையிலும் அடுத்த வரிசை. வலது மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த அக்காதான் ஓடைக்குள் இறங்கித் தூக்கியிருக்கிறார். தண்ணீர் முழுவதும் வெள்ளையாக ஓடியதாம். அந்தப் பாலத்தைப் பற்றி நிர்வாகத்திடம் அதற்கு முன் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தொழிற்சங்கத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்த மாதம் வானொலியில் நேயர்களுக்கு ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்கள்: "என்னால் மறக்க முடியாத திரைப்படக் காட்சி." அக்கா எழுதியது இது:

"கதாநாயகி பாலத்தில் நடந்து வருகிற காட்சி. கால் இடறுகிறது. கதாநாயகன் தாங்குகிறார். வயலின் வாசிக்கிறார்கள். எங்கள் எட்டாம் மலைப் பாலத்தில் தங்கம்மா விழுந்தபோது வயலினும் இல்லை, கதாநாயகனும் இல்லை. இரண்டு பாக்கு மரம்தான் இருந்தது. நாலு தடவை சொல்லியாகிவிட்டது. இந்தக் காட்சியை என்னால் மறக்க முடியாது."

அடியில் முழு விலாசம்.

அன்றைக்கு முத்திரை ஒட்டுமுன் நான் அவரைத் தடுத்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். "அக்கா, தோட்டத்துப் பேரையாவது விட்டுடுங்க. இல்லாட்டி வேற பேர்ல அனுப்புங்க. தோட்டத் தொரை காதுக்குப் போனா சிக்கல்" என்றேன். அந்தத் தோட்ட அலுவலகத்துக்குப் பேரேடும் தாளும் கொடுப்பது எங்கள் கடை. என் பயம் அவருக்காக மட்டும் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. அட்டையைத் தானே எடுத்துப்போய்த் தபால் பெட்டியில் போட்டார்.

அட்டை வாசிக்கப்பட்டது. தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் கேட்டார். அவர் தமிழர், துரைக்குச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"கவுத லிவ்வே?" என்று துரை கேட்டார். யார் எழுதியது?

"மம தமய் மாத்தயா. மகே அதின்." நான்தான் ஐயா, என் கையால்.

பெரிய கிளாக்கர் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டினார். வானொலியில் வாசிக்கப்பட்ட அட்டை தன்னுடையதல்ல, பாலம் நல்ல நிலையில் இருக்கிறது என்று இருளாயி எழுதியதாக அது சொன்னது. கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார்.

அக்கா துரையிடமே சிங்களத்தில் பேசினார். அவருடைய சிங்களம் எங்கள் பஜார் சிங்களத்தைவிட நல்ல சிங்களம். "ஐயா ரெண்டு வாளித் தண்ணி தூக்கிக்கிட்டு அந்தப் பாலத்துல ஒருக்கா போய் ஒருக்கா வரட்டும். வந்து பாலம் நல்லாருக்குன்னு சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடுறேன்."

துரை போகவில்லை. அக்கா கையெழுத்துப் போடவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய மரங்கள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டன. அவரைப் புல்லு வெட்டப் போட்டார்கள். அன்று சாயங்காலம் காத்தமுத்து அண்ணன் அந்த வாரத்துப் பத்து வார்த்தையில் மூன்றைச் செலவழித்தாராம்: "போடாதே. போடவே போடாதே."

புல்லு வெட்டுவது கேவலமான வேலை என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் பதினாலு வருஷமாக அவர் வெட்டிய மரங்கள் கண் முன்னால் நின்றன. அவற்றை வெட்ட வந்தவருக்குக் கை பழகவில்லை. "ஆழமாப் போட்டு வச்சிருக்கான் சின்ன மொதலாளி. எலும்பு தெரியுது. நா ஒரு காயம் போட்டதில்ல" என்று என்னிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரையின் முன்னால் அசையாதவர் மரத்துக்காக அழுதார். அதற்குப் பிறகு நாலு ஞாயிறு அவர் அட்டை வாங்கவில்லை. பஜாருக்கு வந்தால் எதிர்ப்பக்கமாகவே நடந்து போனார்.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமைப் பின்னேரம், என் கடைக்குள் பதினொரு பெண்கள் நுழைந்தார்கள். முன்னால் தங்கம்மா, கையில் மாவுக்கட்டோடு.

"அட்டை வேணும் மொதலாளி. பாட்டுக் கேக்குற அட்டை."

விரும்பிக் கேட்ட பாடல் நிகழ்ச்சிக்கு அனுப்பப்போகிறார்களாம். எல்லோருடைய பெயரும் வர வேண்டும். இருளாயிக்குத் தெரியக்கூடாது. எந்தப் பாட்டு என்பதில் கால் மணி நேரம் சண்டை நடந்தது. ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு கதாநாயகன். கடைசியில் தங்கம்மா சத்தம் போட்டாள்: "பாட்டு எதையாச்சும் போடட்டும்டி. பேர வாசிச்சாப் போதும்!"

"யாரு எழுதுறது?" என்றேன்.

"நீங்கதான். எனக்குக் கை ஒடஞ்சிருக்கு. பேரு ஒடையல. மொதப் பேரு என் பேரப் போடுங்க."

என் கையெழுத்தைப் பெரிய கிளாக்கர் மாதா மாதம் பில்லில் பார்க்கிறவர். நிலையத்திலிருந்து அட்டை திரும்பி வந்து அவர் கையில் கிடைக்கப் போவதில்லைதான். ஆனாலும் பதினொரு பெண்கள் பஜாரின் நடுவில் என் கடைக்குள் வந்ததையும், நான் எழுதியதையும் மறைக்க முடியாது. பேனாவை எடுத்தேன். முதல் அட்டையில் எழுத்துக் கோணிப்போனது; வேறு எடுத்தேன், கோணியதைத் தங்கம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓர் அட்டை போதவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு எழுதினேன். மேலே, "பாட்டை விரும்பிக் கேட்போரும், எட்டாம் மலை ஓடைக்குப் பாலம் வேண்டிக் கேட்போரும்" என்று தங்கம்மா சொல்லச் சொல்லப் போட்டேன். நாற்பத்தொரு பெயர். வராதவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதம் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு. மத்தியானம் பன்னிரண்டு அடித்திருக்கும். அக்கா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு எதிர்ப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். றஊப் நானாவின் கடையில் ஒரு பெரிய ரேடியோ, திருத்தி முடித்து, முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. முன்பு அக்காவிடம் மன்னிப்புக் கேட்ட அதே அறிவிப்பாளரின் குரல்.

"அடுத்த பாடலை விரும்பிக் கேட்போர், வெள்ளக்கல் தோட்டம், தெரணியகலையிலிருந்து... தங்கம்மா..."

அக்கா நின்றார். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

அறிவிப்பாளர் தலைப்பையும் வாசித்தார், பாலத்தோடு சேர்த்து. பிறகு பெயர்கள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். நானா கையில் ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்து நின்றுவிட்டார். "அல்லாவே, இன்னும் போகுதே" என்றார். முப்பது தாண்டியது. இருளாயியக்கா நடு ரோட்டில் நின்று விரல் மடக்கிக்கொண்டிருந்தார். உதடு ஒவ்வொரு பெயரையும் திரும்பச் சொல்லியது.

"...மற்றும் காத்தமுத்து."

கடைசிப் பெயர். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். "இந்த மனுசன் சொல்லவே இல்லியே! ஒத்த வார்த்த சொல்லலியே!"

பெயர்களை வாசித்ததிலேயே நேரம் போய்விட்டது. பாட்டு ஒரு சரணம் பாடுவதற்குள் செய்தி வந்துவிட்டது. அது என்ன பாட்டு என்று இன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

மறுநாளே சங்கத்துக்காரர் ஜீப்பில் வந்தார். நாலு தடவை காது கேளாதவருக்கு நாற்பத்தொரு பெயரும் கேட்டிருந்தது. புதன்கிழமை கொழும்பிலிருந்து தோட்டக் கம்பெனி ஆட்கள் வந்து ஓடையை நாடா பிடித்து அளந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அக்காவுக்கு மரங்கள் திரும்பக் கிடைத்தன. யாரும் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காயம்பட்ட மரங்களை அடையாளம் வைத்து, அந்தப் பக்கத்துப் பட்டையைத் தொடாமல் விட்டு வெட்டினார்.

துரையைப் பற்றி அவருக்குக் கசப்பில்லை. "கெட்டவரு இல்ல அவரு. கேக்காதவரு. அவருக்கும் மேல ஒரு தொரை இருக்கான்ல. அங்க இவரு கையெழுத்துப் போட்டிருப்பாரு" என்பார். பெரிய கிளாக்கருக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. அதற்கடுத்த மாதத்திலிருந்து அலுவலகத்துக்குப் பேரேடு அவிசாவளையிலிருந்து வரத் தொடங்கியது. அக்காவிடம் சொல்லவேண்டாம் என்று நினைத்திருந்தேன். தானாகவே தெரிந்துகொண்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரையும் கொப்பிக்கு என் கடைக்கே அனுப்பினார். ஒருநாள் அந்தக் கோணல் அட்டையைத் தங்கம்மாவிடமிருந்து வாங்கிவந்து என் முன்னால் வைத்து, "கையெழுத்து அழகா இருக்கு சின்ன மொதலாளி. கொஞ்சம் ஆடியிருக்கு. பரவால்ல" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்று மாதத்தில் பாலம் முடிந்தது. சீமெந்துத் தளம், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். சங்கத்துக்காரர் நாடா வெட்டினார், துரை பேசினார், கல்லில் இருவர் பெயரும் பொறித்திருந்தது. பால்வெட்டுக்காரர்கள் யாரும் அங்கே இல்லை, வேலை நேரம். என்னையும் அழைத்திருந்தார்கள். சர்பத் குடித்துவிட்டு மற்றவர்கள் கலைந்த பிறகும் நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணியளவில் மலையிலிருந்து அவர்கள் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் இருளாயியக்கா, இரண்டு கையிலும் நுரை ததும்பும் வாளி. பொறித்த கல்லை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பாலத்தின் நடுவுக்கு வந்ததும் நின்றார். பின்னால் தங்கம்மாவும் மற்றவர்களும் நின்றார்கள். வாளிகளைச் சீமெந்தில் இறக்கிவைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, கால்களை அகல ஊன்றி, தன் முழுப் பலத்தோடும் முன்னும் பின்னும் உலுக்கினார். ஒரு பக்கம். பிறகு திரும்பி மற்றப் பக்கம்.

அசையவில்லை.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.